மஞ்சூர் பேரிக்காய்... பேக்கரி பஃப்ஸ் மாவு... ஒரு ஈஸி டார்ட்!

“இந்த வருஷத்தோட சரி. மழை விட்டதும் ஆளைக் கூப்புட்டு அந்த மரத்தை வெட்டிப்போடலாம்னு இருக்கறேன்” என்று மாமா போனில் சொன்னார்.

மஞ்சூரில் அம்மாயி வீட்டுக்குப் பின்பக்கம் நிற்கிற பேரிக்காய் மரத்தைத்தான் சொன்னார். காரணம், கரடி. ஆகஸ்ட் மாதம் காய் உதிர ஆரம்பித்தால் ராத்திரியில் வாசம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். குந்தா பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து வரும், விழுந்து கிடப்பதைத் தின்னும், விடிவதற்குள் போய்விடும். போகாமல் நின்றுவிட்டால்தான் பிரச்னை. அம்மாயிக்கு எழுபத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம். காலை ஐந்தரைக்கெல்லாம் பின்பக்கம் விறகு எடுக்கப் போகிறவர். மாமா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அம்மாயியைக் கேட்டால், “மரம் என்ன கண்ணு பண்ணுச்சு? காயைப் பொறிக்காம உட்டது நாமதானே?” என்கிறார்.

அதிலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் வியாபாரி வந்து மரத்தோடு பேசி, கூடையில் எடுத்துக்கொண்டு போவார். இப்போது வருவதில்லை. ஒரு மரத்துக்காக ஏணியைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? பேரிக்காய்க்கு வேறொரு துரதிர்ஷ்டமும் உண்டு. மே மாதம் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும், ஊட்டி முழுக்க டூரிஸ்ட் கூட்டம் இருக்கும், பிளம்ஸும் பீச்சும் சாலையோரத்திலேயே விற்றுத் தீரும். பேரிக்காய் முற்றுவது அந்தக் கூட்டம் எல்லாம் இறங்கிப்போன பிறகு, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரத்தில். வாங்க ஆள் இல்லை. வீட்டிலோ மாமா, அத்தை, அம்மாயி மூன்று பேர்தான். அம்மாயிக்குக் கடிக்கப் பல் இல்லை.

நான் உள்ளே நுழைந்தது இங்கேதான். ‘ஓவன் வாங்கி வெச்சிருக்கோம், கேக்கைத் தவிர ஒண்ணும் செஞ்சதில்ல, ஈஸியா ஏதாவது சொல்லுங்க’ என்று இந்தப் பகுதிக்கு வாரம் தவறாமல் கேட்கிறீர்கள் இல்லையா? அவர்களுக்காக ஃப்ரூட் டார்ட் செய்யலாம் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். கீழே மொறுமொறுவென்று ஒரு மாவுத் தட்டு, மேலே பழம், அவ்வளவுதான் டார்ட். மேலேயும் மாவைப் போட்டு மூடினால் அது பை. கடையில் கிடைக்கும் பஃப் பேஸ்ட்ரி ஷீட்டை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பழத்துக்குத்தான் மஞ்சூரில் மரமே இருக்கிறதே!

முதல் முயற்சியை யானை முடித்து வைத்தது

கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரோசன் பஃப் பேஸ்ட்ரி ஒரு பாக்கெட் வாங்கினேன். நாலைந்து சுற்று பேப்பரில் சுருட்டி, துணிப்பையில் போட்டு, காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் போகிற பஸ்ஸில் ஏறினேன். 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும் பாதை அது. மேட்டுப்பாளையம் வழியாகப் போவதைவிடக் கூட்டம் குறைவு, காடு அதிகம். கணக்குப்படி மத்தியானத்துக்குள் அம்மாயி வீட்டு ஃப்ரிட்ஜில் பாக்கெட் இருக்க வேண்டும்.

கெத்தைக்கு முன்னால் ஒரு வளைவில் பஸ் நின்றது. முன்னால் யானைக் கூட்டம், நடுவில் ஒரு குட்டி. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை. அந்த ரூட்டில் போகிறவர்களுக்கு இது பழக்கம். முக்கால் மணி நேரம் கழித்து யானைகள் சரிவில் இறங்கின. அதற்குள் என் மடியில் இருந்த பாக்கெட் ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் நாலு ஷீட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. விடாமல் உருட்டி, தேய்த்து, பேக் செய்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பியது, மறுபக்கம் எண்ணெய் வழியும் சப்பாத்தி. மாமா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். அவர் என்னிடம் பொய் சொல்லும்போது இப்படித்தான் சொல்வார்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் பாதி சமையல் கைக்கு வந்துவிடும். பஃப் பேஸ்ட்ரி என்பது மைதா மாவும் கொழுப்பும் மாறி மாறி அடுக்கப்பட்ட ஒரு புத்தகம். மாவுக்கு நடுவில் வெண்ணெயையோ மார்ஜரினையோ பரப்பி, மடித்து, தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி மடித்து என்று பலமுறை செய்வதால் நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகள் உருவாகும். சூடான ஓவனுக்குள் போனதும் மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஒவ்வோர் அடுக்கையும் மேலே தள்ளும். அடுக்குகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது நடுவில் இருக்கும் கொழுப்பு. அந்தக் கொழுப்பு முன்கூட்டியே உருகி மாவுக்குள் கலந்துவிட்டால் தள்ளுவதற்கு அடுக்கே இருக்காது. அதனால் மாவு சில்லென்று இருக்க வேண்டும், ஓவன் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மற்றது தானாக நடக்கும்.

உங்கள் பாக்கெட்டும் வழியில் இளகிவிட்டால், தொடாமல் அப்படியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். இறுகியதும் பிரித்து அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். மறுபடி ஃப்ரீசரில் போட வேண்டாம். நான் அவசரப்பட்டு உருட்டியதுதான் தப்பு.

நாலு மணி பஃப்ஸ் கடைதான் வழி

அன்று சாயங்காலம் டீக்குப் பஃப்ஸ் வாங்கி வரச் சொல்லி அத்தை அனுப்பினார். பஜாரில் பேக்கரிக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்த முட்டை பஃப்ஸைப் பார்த்ததும்தான் தலையில் அடித்துக்கொண்டேன். கோவையிலிருந்து யானையைத் தாண்டி எதைச் சுமந்து வந்தேனோ, அது இங்கே தினமும் போடுகிற மாவு!

“அண்ணா, பஃப்ஸ் மாவு சுடாம கிடைக்குமாங்ண்ணா?”

“சுடாமயா? எதுக்கு?”

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வா. மசாலா வைக்கறதுக்கு முன்னால ஆறு பீஸ் எடுத்து வெக்கறேன்.” விலை என்ன என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம். கடைசியில் பஃப்ஸ் விலையில் முட்டைக்கும் மசாலாவுக்கும் கழித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார்.

சூப்பர் மார்க்கெட் இல்லாத ஊரில் இருக்கும் வாசகர்களே, இதுதான் உங்களுக்கும் வழி. பஃப்ஸ் சுடுகிற எந்த பேக்கரியிலும் முந்தின நாளே சொல்லி வைத்தால் பச்சை மாவு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. வெளியிலிருந்து பஃப்ஸ் வாங்கி விற்கும் கடையாக இல்லாமல், சொந்தமாக அடுப்பு வைத்திருக்கும் கடையாகப் பாருங்கள். சதுரமாக வெட்டிய பீஸாகவே கேளுங்கள். தேய்க்கிற வேலை மிச்சம்.

கொழுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேக்கரி மாவில் பெரும்பாலும் மார்ஜரின் அல்லது வனஸ்பதிதான். வெண்ணெய்போலச் சீக்கிரம் உருகாது, விலையும் குறைவு. அதனால்தான் சில பஃப்ஸைச் சாப்பிட்டதும் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல இருக்கும். எண்ணெய், கொழுப்பு வகைகளிலும் அவற்றால் செய்த உணவுகளிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்காக தினமும் சாப்பிடுகிற பொருள் ஆகிவிடாது. பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கம் புரட்டி, வெண்ணெயா மார்ஜரினா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வெண்ணெய் போட்டது கிடைத்தால் ருசியில் வித்தியாசம் தெரியும், பர்ஸிலும் தெரியும்.

அதே பேக்கரியில் நூறு கிராம் வர்க்கியும் வாங்கிக்கொண்டேன். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுவும் மடித்து மடித்து அடுக்கு வைத்த மாவுதான். பஃப் பேஸ்ட்ரிக்கு மலையில் ஓர் உறவுக்காரர். இந்த டார்ட்டில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

காய் என்று சும்மா சொல்லவில்லை

இப்போது பேரிக்காய். ஆப்பிளைப் பழம் என்கிறோம், இதை மட்டும் காய் என்கிறோம். மஞ்சூரில் ஒன்றைக் கடித்துப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். கல்! மென்றால் பல்லில் மணல் நறநறக்கும். ஃபாரின் பேரி என்று சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்களே, வெண்ணெய் மாதிரி கரையும் அந்தப் பழத்தைப் பழகியவர்கள் இதை மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பரவலாக வளர்க்கப்படும் பேரி ரகங்களில் ஒன்று கீஃபர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நர்சரி வைத்திருந்த பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில் 19-ம் நூற்றாண்டில் தற்செயலாக முளைத்த கலப்பினம் அது. ஒரு பக்கம் சீனாவின் மணல் பேரி, இன்னொரு பக்கம் மென்மையான பார்ட்லெட் பேரி என்று சொல்வார்கள். நோயைத் தாங்கும், அள்ளிக் காய்க்கும், ஆனால் சதை கெட்டி. அந்த நறநறப்புக்குக் காரணம், சதைக்குள் இருக்கும் கல் செல்கள் எனப்படும் தடித்த சுவர் கொண்ட செல்கள். மையத்தைச் சுற்றி அவை அதிகம். அமெரிக்காவில் இந்த ரகத்தை அப்படியே சாப்பிடுவதைவிட டின்னில் அடைக்கவும், வேகவைக்கவும், பதப்படுத்தவும்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அம்மாயி வீட்டு மரத்துக் காய்க்கும் அதே குணம்தான். நாம் சமைக்க வேண்டிய காயைப் பச்சையாகக் கடித்துவிட்டு, நல்லாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். சேனைக்கிழங்கைப் பச்சையாகக் கடித்துவிட்டுக் குறை சொன்னால் எப்படி இருக்கும்?

இன்னொன்று, பேரியை மரத்திலேயே பழுக்க விடக் கூடாது. விட்டால் பல ரகங்கள் உள்ளிருந்து மாவாகி, பழுப்பேறி விழும். முற்றியதும் பறித்து வீட்டுக்குள் வைத்துத்தான் பழுக்கவிட வேண்டும். முற்றியதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: தொங்குகிற காயைக் கையில் ஏந்தி, படுக்கைவாக்கில் மேலே தூக்குங்கள். காம்பு தானாகக் கழன்று வந்தால் பறிக்கலாம். வராவிட்டால் இன்னும் ஒரு வாரம்.

இதைப் படித்ததும் கரடி விஷயம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கரடி தேடி வருவது கீழே விழுந்து பழுத்து வாசம் வீசுகிற பழத்தைத்தான். விழுவதற்கு முன்னால் காயாகவே பறித்துவிட்டால்? சமையலுக்கு அந்தக் காய்தானே வேண்டும்? மாமாவிடம் சொன்னேன். “ஏறிப் பறிக்கறது யாரு? நீயா?” என்றார். பிறகு அவரே ஒரு மூங்கில் கழியின் நுனியில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

இனி டார்ட்

ஆறு டார்ட்டுக்குக் கணக்குச் சொல்கிறேன். பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஆறு பஃப்ஸ் மாவு பீஸ். நடுத்தரப் பேரிக்காய் மூன்று, ஏறத்தாழ அரை கிலோ. சர்க்கரை நாலு டேபிள்ஸ்பூன், பாதி எலுமிச்சையின் சாறு, ஒரு விரல் நீளப் பட்டை, ஒரு டீஸ்பூன் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு வர்க்கி. மேலே தடவக் கொஞ்சம் பால். முட்டை சேர்க்கிறவர்கள் பாலுக்குப் பதில் அடித்த முட்டை தடவலாம், நிறம் இன்னும் தூக்கலாக வரும்.

பேரிக்காயைத் தோல் சீவி, நாலாக வெட்டி, மையத்தைத் தாராளமாகக் கழித்துவிடுங்கள். கஞ்சத்தனம் பார்த்தால் அந்த நறநறப்பு டார்ட்டுக்குள் வந்துவிடும். அரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போடுங்கள். வாணலியில் கால் கப் தண்ணீர், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, பட்டை, உப்பு சேர்த்து, கொதித்ததும் துண்டுகளைப் போட்டு மூடி, சிறு தீயில் வேக விடுங்கள். சமவெளியில் பத்து நிமிடம் போதும். மலையில் கூடுதலாக ஆகும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் எதுவுமே சீக்கிரம் வேகாது. மஞ்சூரில் எனக்குப் பதினாறு நிமிடம் ஆனது. கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது.

வெந்ததும் வடிகட்டியில் கொட்டி, சாற்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் டார்ட்டின் அடிப்பாகம் ஊறிய ரொட்டி ஆகிவிடும். வடித்த சாற்றை மறுபடி அடுப்பில் வைத்து, வெண்ணெய் சேர்த்து, தேன் பதத்துக்குச் சுண்ட விடுங்கள். பழத் துண்டுகள் முழுசாக ஆறட்டும். சூடான பழத்தை மாவின் மேல் வைத்தால் கெத்தைப் பாதையில் எனக்கு நடந்தது உங்களுக்கு வீட்டிலேயே நடந்துவிடும்.

ஓவனை 200 டிகிரியில் இருபது நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். ஓடிஜி என்றால் மேல், கீழ் இரண்டு ராடும் எரிய வேண்டும். அது சூடாகிற நேரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து மாவை எடுத்து பட்டர் பேப்பர் மேல் அடுக்குங்கள். விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, போட்டோ ஃப்ரேம் மாதிரி நாலு பக்கமும் கத்தியால் கோடு இழுங்கள். கோடு மேலோட்டமாக இருந்தால் போதும், அடிவரை வெட்டிவிடாதீர்கள். கோட்டுக்கு உள்ளே முள் கரண்டியால் நன்றாகக் குத்துங்கள். குத்திய இடம் எழும்பாது. குத்தாத விளிம்பு மட்டும் எழும்பி வேலி மாதிரி நிற்கும்.

வர்க்கியின் வேலை இங்கேதான். கையால் நொறுக்கி, கோட்டுக்குள் ஒரு டீஸ்பூன் தூவுங்கள். பழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், அடி மொறுமொறுப்பாகவே இருக்கும். வர்க்கி கிடைக்காத ஊரில் ரஸ்க் தூள் போடலாம். அதன்மேல் பழத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு விரித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்குங்கள். குவிக்க வேண்டாம், ஒரு வரிசை போதும். விளிம்பின் மேற்பக்கம் மட்டும் பால் தடவுங்கள். “வெட்டுன ஓரத்துல பால் வழிஞ்சா அடுக்கு ஒட்டிக்கும், எந்திரிக்காது” என்று பேக்கரி அண்ணா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது சரி. வேண்டுமென்றே ஒன்றில் வழியவிட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் மட்டும் குட்டையாக நின்றது.

கை பட்டுப் பட்டு மாவு இளகியிருக்கும். தட்டோடு பதினைந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நேராகச் சூடான ஓவனுக்குள் தள்ளுங்கள். 22-லிருந்து 28 நிமிடம். மேலே சிவந்ததும் எடுத்துவிடாதீர்கள். தோசைத் திருப்பியால் ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடியும் பொன்னிறமாக இருந்தால்தான் வெந்தது. பாதியில் ஓவனைத் திறந்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள், ஆவி போனால் எழும்பியது உட்கார்ந்துவிடும். வெளியே எடுத்ததும் சுண்டவைத்த சாற்றைப் பழத்தின் மேல் தடவுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும்.

ஓவன் இல்லாதவர்கள் கேட்பீர்கள் என்று கனமான வாணலியிலும் செய்து பார்த்தேன். உள்ளே ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டு, பதினைந்து நிமிடம் பெரிய தீயில் சூடாக்கி, ஒரு தட்டில் இரண்டு டார்ட். 35 நிமிடம் ஆனது. உண்மையைச் சொல்கிறேன், வேகும், ஆனால் பாதிதான் எழும்பும், மேல்பக்கம் வெளுத்தே இருக்கும். ருசிக்குக் குறை இல்லை, போட்டோவுக்கு ஆகாது. ஏர் ஃப்ரையர் இருந்தால் அதைவிட நல்ல வழி. 180 டிகிரியில் 15 நிமிடம், இரண்டிரண்டாகப் போடுங்கள். சாதாரண மைக்ரோவேவ் வேண்டாம். கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் மட்டும்.

பேரிக்காய் இல்லையென்றால்? ஆப்பிளுக்கு இதே முறை, வேகவைக்கும் நேரம் பாதி போதும். அன்னாசியைச் சர்க்கரையோடு நன்றாகச் சுண்டவைத்துப் போடலாம். பிளம்ஸ், பீச் சீசனில் வேகவைக்கவே வேண்டாம், வெட்டிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்து, நீரை வடித்தால் போதும். நேந்திரன் பழம் எனக்கு ரொம்பப் பிடித்தது, நேராக அடுக்கிவிடலாம். பப்பாளி, தர்பூசணி, திராட்சை மூன்றும் வேண்டாம், தண்ணீர்.

மிளகாய்த்தூள் டார்ட்

ஆறில் ஒன்று பேக்கரிக்குப் போனது. ஒன்றை நின்றபடியே நான் முடித்தேன். அம்மாயி ஒரு துண்டை வாயில் வைத்து, பல் இல்லாத ஈறால் அழுத்தினார். பழம் கரைந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நல்லாருக்குது கண்ணு. ஆனா பேரிக்காய்க்கு உப்பும் மொளகாப்பொடியும் இல்லாம எப்புடி?” என்றார்.

அத்தை சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்து வந்தார். விளையாட்டுக்குத்தான் ஒரு சிட்டிகை தூவினோம். நம்புங்கள், அதுதான் ஆறில் சிறந்தது! இனிப்பு, புளிப்பு, கடைசியில் நாக்கு நுனியில் ஒரு சுரீர். அடுத்த முறை சாறு சுண்டும்போதே கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டுவிடப் போகிறேன். பள்ளிக்கூட வாசலில் மிளகாய்த்தூள் தொட்ட பேரிக்காய் கீற்றைத் தின்றவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும்.

மரத்தின் கணக்குக்கு வருவோம். ஆறு டார்ட்டுக்கு மூன்று காய். மாமாவும் நானும் சாக்குப்பைக் கழியால் இரண்டு நாளில் பறித்தது மட்டும் ஐந்து கூடை. டார்ட் செய்தே ஒரு மரத்தைத் தீர்த்துவிடலாம் என்று நான் சொன்னால் அது பொய். இரண்டு கூடை அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனது. ஒரு கூடையைப் பேப்பரில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் பழுக்கப் போட்டிருக்கிறார் அத்தை. மிச்சத்தை நறுக்கி, மேலே சொன்ன மாதிரி வேகவைத்து டப்பாக்களில் எடுத்து வைத்தோம். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம், கஸ்டர்டில் போடலாம், அம்மாயி மாதிரி வெறும் ஸ்பூனால் சாப்பிடலாம். உச்சாணிக் கிளைக்குக் கழி எட்டவில்லை. அங்கே இன்னும் காய் இருக்கிறது. அது விழத்தான் செய்யும், காலையில் பின்கதவைத் திறப்பதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அம்மாயியிடம் சொல்லி, தலையாட்ட வைத்திருக்கிறோம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பேக்கரியில் டீ குடிக்க நின்றேன். “அந்தப் பேரிக்காய் வேகவெச்சது ஒரு டப்பா குடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கெழமை பத்து பஃப்ஸ்ல வெச்சுப் பாக்கறேன். போச்சுன்னா உங்க மாமாகிட்ட மேல வாங்கிக்கறேன்” என்றார் அண்ணா. கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ் நகரும்போது மாமாவிடம் மரத்தைப் பற்றிக் கேட்டேன். “மழை முடியட்டும், பாக்கலாம்” என்றார்.